பிரேக்கை நான் தொடவில்லை

சின்ன வண்டிக்குத்தான் சார் பெரிய கவனம் வேண்டும். லாரி எஞ்சினில் ஒரு நூல் கூடக்குறைய இருந்தால் லாரி அதைப் பொருட்படுத்தாது. ஒரே ஆள் தூக்கி மேசைமேல் வைத்துவிடக்கூடிய மினி பைக்கில் அதே ஒரு நூல் வண்டியின் குணத்தையே மாற்றிவிடும். உங்கள் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் கிடக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். முன்சக்கரம் வளைந்துவிட்டது. மற்றபடி எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே வரும்போது குனிந்து பார்த்தேன். தொடக்கூடாது என்றார் உங்கள் ஏட்டு. நான் செய்த வண்டியை நானே தொடக்கூடாது என்பது சட்டமானால் சரி.

விபத்து என்று முடிந்துபோன விஷயத்துக்காக ஒருவன் ஏன் தானாக வந்து எதிரில் உட்கார்கிறான் என்று கேட்டீர்கள். துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொன்னீர்கள். இரண்டுக்கும் நன்றி. முறையாகவே சொல்லிவிடுகிறேன்.

இறந்துபோன தணிகைவேல் என் அக்கா நிர்மலாவின் கணவர். எங்கள் வீட்டில் பாதித் தெலுங்கு என்பதால் அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். என் பெயர் கங்காதரன். அரக்கோணம் சாலையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். நைனா, அதாவது அப்பா, ஆரம்பித்த பட்டறை. பலகையில் இன்றும் அவர் பெயர்தான். அவர் போன பிறகு என் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னவர்கள் உண்டு. நான் எழுதவில்லை. பெயருக்கு அலைகிற ஆள் நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பாவாவின் குடும்பத்துக்கு ஆர்.கே.பேட்டையில் விசைத்தறிகள். தறிகள் மின்சாரத்தில் ஓடுவதாலும், மேற்பார்வைக்கு அவருடைய அண்ணன்கள் இருந்ததாலும், பாவாவுக்கு ஓய்வு நிறையக் கிடைத்தது. அந்த ஓய்வையெல்லாம் அவர் கைபேசியில் போட்டு வளர்த்தார். 'தணிகை கேரேஜ்' என்ற பெயரில் அவர் போட்ட வீடியோக்களை நீங்களும் பார்த்திருக்கலாம். உங்கள் ஏட்டு பார்த்திருக்கிறார். பழைய வண்டியைப் புது வண்டியாக்குவது, வேகத்தைக் கூட்டுவது, சத்தத்தை மாற்றுவது. தமிழ்நாட்டில் இவ்வளவு பேருக்குத் தங்கள் வண்டியின் சத்தம் பிடிக்கவில்லை என்பது எனக்கு அதுவரை தெரியாது.

கேரேஜ் என்று ஒன்று கிடையாது. படம்பிடிக்கிற நாளில் என் பட்டறைப் பலகையின்மேல் ஒரு துணி பேனரைக் கட்டுவார்கள். நைனா பெயர் மறையும், தணிகை கேரேஜ் உதயமாகும். படம் முடிந்ததும் பேனரைச் சுருட்டி என் லேத்தின் பின்னாலேயே வைத்துவிட்டுப் போவார்கள். கல்யாணங்களில் வீடியோ எடுக்கும் கௌதமன் என்பவர்தான் கேமரா. வேலை செய்வது நான். வேலையை முடித்துவிட்டு ஒதுங்கி நிற்பதும் நான். கடைசி போல்ட்டைப் பாதி முறுக்கி விட்டுவைக்க வேண்டும். பாவா வந்து மீதியை முறுக்குவார். ஸ்பேனரை அவர் பிடிக்கிற விதத்தைப் பார்த்தால் டி.வி.யில் சேனல் மாற்றப்போகிறார் என்றே தோன்றும்.

முதல் நாள் படப்பிடிப்பில் அவர் என்னிடம் கேட்டது நினைவிருக்கிறது.

"மச்சான், கை அழுக்கா தெரியணும். ஆனா நாத்தம் அடிக்கக் கூடாது. சுத்தமான கிரீஸ் எதுனா கீதா?"

புது டப்பாவைப் பிரித்துக் கொடுத்தேன். மருதாணி வைத்துக்கொள்கிற பெண் மாதிரி விரல் விரலாகத் தடவிக்கொண்டார். படம் முடிந்ததும் சோப்பு கேட்டார். வீடியோவின் கீழே ஒருவர், "அண்ணா, இந்தக் கையைக் கும்பிடணும்" என்று எழுதியிருந்தார். பாவா அதை அக்காவிடம் காட்டினார். அக்கா என்னிடம் காட்டினாள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார் என்றேன்.

இதில் எனக்கு வருத்தம் இருந்ததாக நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. வருத்தம் இல்லை. கவனித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு பக்கத்திலுள்ள ஒரு பொறியியல் கல்லூரி பாவாவைப் பேச அழைத்தது. மெக்கானிக்கல் மாணவர்களுக்கு ஊக்கம் தர வேண்டுமாம். என்ன பேசுவது என்று என்னைத்தான் கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். கூடவே வா என்றார். போனேன். கடைசி வரிசையில் ஓட்டுநர்களோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் எழுந்து, கிளட்ச் சூடானால் பிடிமானம் ஏன் குறைகிறது என்று கேட்டாள். நல்ல கேள்வி. பாவா சற்று நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, "அதெல்லாம் அனுபவத்துல வரும்மா" என்றார். அரங்கமே கைதட்டியது. அந்தப் பெண்ணும் தட்டினாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மினி பைக் வந்தது.

அரக்கோணத்தில் ரசூல் பாய் பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்பவர். சென்னையில் ஏதோ பணக்கார வீட்டுப் பிள்ளை விளையாடி அலுத்து எறிந்த வண்டி அவர் கடைக்கு வந்திருந்தது. முழங்கால் உயரம்தான் இருக்கும். பார்வைக்குப் பெரிய ரேஸ் பைக்கைத் துவைத்துச் சுருங்கவிட்டது போல இருந்தது. எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பாவா அதைப் பார்த்த உடனேயே கௌதமனுக்குப் போன் செய்து, மலைப்பாதையில் இதை ஓட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்டார். என்னிடம், இதை ஓடவைக்க முடியுமா என்று கேட்டார். ஓடவைக்க முடியும் என்றேன். வேகமாக ஓடவைக்க முடியுமா என்றார். முடியும் என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டதை நான் கொடுத்தேன். கேட்காததைக் கொடுக்கவில்லை. என்மேல் என்ன குற்றம் எழுதினாலும் இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து எழுதுங்கள்.

அந்த எஞ்சினில் நான் செய்த வேலையை வாழ்நாளில் வேறெதிலும் செய்ததில்லை. சிலிண்டரை லேத்தில் கடைந்து பெரிதாக்கினேன். அதற்கேற்ற பிஸ்டனுக்காக மூன்று ஊர் அலைந்தேன். புகை வெளியேறும் துளையைக் கையாலேயே அரம்போட்டு விரித்தேன். மெஷினில் செய்தால் அந்த வழவழப்பு வராது. கார்புரேட்டரை மாற்றினேன். சைலன்சரைத் தகடு வெட்டிப் பற்றவைத்து, வயிறு பெருத்த மீன் மாதிரி புதிதாகச் செய்தேன். சக்கரங்களுக்கு நல்ல பேரிங் போட்டேன். விரலால் தட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்த வண்டியில் கியர் கிடையாது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் கிளட்ச் தானாகப் பிடிக்கும். வேகம் குறைந்தால் தானாக விட்டுவிடும். புறப்படும்போது துள்ள வேண்டும் என்பதற்காகக் கிளட்சில் கடினமான ஸ்பிரிங் போட்டேன். அதனால் ஒரு சிறு விளைவு உண்டு. ஆக்சிலரேட்டரைத் தளர்த்திய உடனே எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவு அறுந்துவிடும். சமதரையில் அது ஒன்றும் செய்யாது. இறக்கத்தில் வண்டி சைக்கிளைப் போலத் தானாக உருளும். பெரிய வண்டியில் எஞ்சின் பின்னால் பிடித்து இழுக்குமே, அந்த உதவி இதில் கிடைக்காது. பிரேக் ஒன்றுதான் துணை.

பிரேக் பழைய பிரேக். முன்னும் பின்னும் உள்ளங்கை அகலத்தில் ஒவ்வொரு தட்டு. அதைக் கட்டைகள் இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்தால்தான் சக்கரம் நிற்கும். பத்து வயதுப் பிள்ளையைச் சுமப்பதற்காகச் செய்தது. பாவா பத்து வயதுப் பிள்ளையின் மூன்று மடங்கு இருப்பார்.

ரசூல் பாய் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவரிடம் கார்புரேட்டர் வாங்கப் போனபோது, நான் எடுத்துவைத்த சாமான்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பெரிய தட்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

"ஸ்பீடு ஏத்தறதுக்கு எல்லாம் வாங்கிட்ட. நிறுத்தறதுக்கு ஒண்ணும் வாங்கல. இந்த டிஸ்க்க எடுத்துக்கினு போ."

"பாவா கேக்கல பாய்."

"அவுரு கேப்பாரா? ஓடுதான்னுதான் எல்லாரும் கேப்பாங்க. நிக்குதான்னு செவுத்துல முட்டினப்புறம்தான் கேப்பாங்க."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அவரைக் கூப்பிட்டு விசாரித்தால் சொல்வார். நல்ல மனிதர். அவரை வெயிலில் நிற்கவைக்காதீர்கள்.

பெட்ரோலோடு கலக்க எண்ணெய் வேண்டுமல்லவா? கடையில் விற்கிற எண்ணெயைப் போடாமல் விளக்கெண்ணெய் கலந்தேன். அந்தக் காலத்துப் பந்தய வண்டிகளில் அதைத்தான் ஊற்றுவார்களாம், படித்திருக்கிறேன். எவ்வளவு சூட்டிலும் அது உலோகத்தைவிட்டுப் போகாது. காயாது. துடைத்தாலும் ஒரு படலம் நின்றுவிடும். பெட்ரோல் ஊற்றித் துடைத்தால்தான் வரும். புகையில் ஒரு தித்திப்பு வாசனை இருக்கும். முதல்முறை எஞ்சின் உயிர்பெற்றபோது பட்டறை முழுக்க அந்த வாசனை. அந்தச் சத்தத்தைக் கேட்டு எதிர்ச்சாரி டீக்கடையில் பேச்சு நின்றது. கண்ணில் நீர் வந்தது எனக்கு. புகையால் இருக்கலாம்.

அன்று மாலை பாவாவிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டேன். வாழ்க்கையில் அவரிடம் நான் கேட்டது அது ஒன்றுதான்.

"இந்த ஒரு வண்டிக்கு மட்டும் என் பேரச் சொல்லிடுங்க பாவா. ஒரு தடவ போதும்."

அவர் என் தோளில் கைபோட்டார்.

"நீயும் நானும் இன்னா வேற வேறயா மச்சான்? என் பேரச் சொன்னா உன் பேரச் சொன்ன மாதிரிதான."

"அப்போ என் பேரயே சொல்லிடுங்க. உங்க பேரச் சொன்ன மாதிரி இருக்கும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு ஒப்புக்கொண்டார். "செரி, வுடு. மலையில பூஜ போட்டு, மொத ஓட்டத்துக்கு முன்னால கேமராவுல சொல்றேன். முருகன் சாட்சி."

சாட்சி பெரிய இடம் என்பதால் நம்பினேன். பெயருக்காக இல்லை. பேச்சு என்றால் பேச்சாக இருக்க வேண்டும் என்பதற்காக.

எங்கள் ஊரில் வண்டிக்குப் பூஜை போடுவது உங்களுக்குப் புதிதல்ல. புது வண்டி எடுத்தால் மலைமேல் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய், மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து நசுக்க வேண்டும். அதன் பிறகுதான் சொந்தக்காரர் ஓட்டலாம். எஞ்சின் முதல் சைலன்சர் வரை மாறிவிட்டதால் இதுவும் புது வண்டிதான் என்றாள் அக்கா. ஆகவே பூஜைக்கு முன்னால் பாவா அதில் ஏறக்கூடாது. ஏறிப்பார்க்காத வண்டியில் முதல்முறை ஏறி, மலைமேலிருந்து இறங்குவது. இப்படி ஒரு பரிசோதனை முறையை உலகத்தில் எந்த வண்டிக் கம்பெனியும் கண்டுபிடித்திருக்காது. நாங்கள் பல காலமாகச் செய்துவருகிறோம், பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை.

எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சாலையில் நான் ஓட்டிப் பார்த்திருந்தேன். அற்புதமாக ஓடியது. நிற்கவும் செய்தது, முனகிக்கொண்டே.

பூஜைக்கு முந்தின நாள் அக்கா பட்டறைக்கு வந்தாள். தாம்பாளத்தில் எல்லாம் எடுத்துவைத்துவிட்டாள். சந்தனம் மட்டும் அவளுக்குக் கவலை. போன வருடம் பாவாவின் ஸ்கூட்டருக்குப் பூஜை போட்டபோது, வீடு வந்து சேர்வதற்குள் பொட்டு காய்ந்து உதிர்ந்துவிட்டது. அதை அவள் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கடையில வாங்கின தூள தண்ணில கொழச்சா நிக்க மாட்டேங்குதுடா கங்கா. பொல பொலன்னு கொட்டிடுது."

"தூளக் குடுத்துட்டுப் போக்கா. நான் கொழச்சி எடுத்துகினு வரேன். கொட்டாது."

நன்றி சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் வீட்டில் நன்றி சொல்கிற ஒரே ஆள் அவள்தான்.

மறுநாள் காலை. விசேஷ நாள் இல்லை, அதனால் மலையில் பெரிய கூட்டமும் இல்லை. வண்டியை ஓட்டக்கூடாது என்பதால் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். என் சட்டைப் பையில் வழக்கம்போல ஒரு துணி வைத்திருந்தேன், பெட்ரோலில் நனைத்து பாலிதீன் உறையில் சுற்றியது. தொழில் பழக்கம். மேலே வண்டி நிறுத்தும் இடத்தில் இறக்கிவைத்ததும் சின்னப் பிள்ளைகள் முதல் மொட்டை போட்டு வந்தவர்கள் வரை எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். கௌதமன் கேமராவை எடுத்துக்கொண்டார். பாவா புது ஜாக்கெட், புது கையுறை. ஹெல்மெட் போட்டால் முகம் தெரியாது என்று அதை மட்டும் லோடு ஆட்டோவிலேயே வைத்துவிட்டார்.

அக்கா பொட்டு வைக்கத் தொடங்கினாள். ஹேண்டில், டேங்க், விளக்கு, சைலன்சர். நான் பக்கத்தில் நின்று கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சக்கரத்தின் பக்கம் வந்தபோது தட்டைக் காட்டினேன்.

"இதுக்குமாடா?"

"அதுதாங்க்கா வண்டியக் காப்பாத்தறது. அதுக்குத்தான் மொதல்ல வெச்சிருக்கணும். ரெண்டு பக்கமும் வை."

அவள் குனிந்து, முன் தட்டுக்கு இரண்டு பக்கமும், பின் தட்டுக்கு இரண்டு பக்கமும் தாராளமாக வைத்தாள். ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். கண்ணை மூடிக் கும்பிட்டாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிரேக்கை நான் தொடவில்லை. கிண்ணத்தைத்தான் பிடித்திருந்தேன்.

பிறகு எலுமிச்சை. அங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. சக்கரம் அவ்வளவு சின்னது, எலுமிச்சை அவ்வளவு பெரியது. வண்டி பழத்தின்மேல் ஏற மறுத்தது. பாவா காலால் உந்திப் பார்த்தார். பழம் உருண்டு ஓடியது. கூட்டம் சிரித்தது. பூஜை போட வந்த பூசாரி தன் கூடையில் சின்னப் பழமாகத் தேடினார். ஆட்டோக்காரர் ஒருவர், "புளியாங்கொட்ட வெச்சிப் பாரு சாமி" என்றார். கடைசியில் நெல்லிக்காய் அளவுக்கு இரண்டு பழம் கிடைத்தது. பாவா எஞ்சினை முறுக்கியதும் வண்டி துள்ளி ஒரு முழம் தாண்டிப் போய் நின்றது. காலை ஊன்றித்தான் நிறுத்தினார். பிரேக் பிடித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். நான் அதைத் தடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கௌதமன் கையை உயர்த்தினார். பாவா கேமராவைப் பார்த்தார். நான் சட்டைப் பைக்குள் கைவிட்டு உறையைப் பிரித்துத் துணியை விரலால் பிடித்துக்கொண்டேன்.

"மக்களே, நேத்து வரிக்கும் இது ஒரு குப்ப. இன்னிக்கி இது ஒரு பேய். பிஸ்டன்ல இருந்து சைலன்சர் வரிக்கும் எல்லாமே இந்தக் கைதான்." கையுறையைக் கழற்றிக் கையைக் காட்டினார். சுத்தமான கிரீஸ். பிறகு என் பக்கம் பார்த்தார். கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. மனதுக்குள் ஒரு நிம்மதி வந்ததை நான் மறுக்கவில்லை. "அப்புறம், எங்க மச்சான் ஒருத்தன் கீறான். பக்கத்துலயே நின்னு ஸ்பேனர் எடுத்துக் குடுத்துகினு இருந்தான். அவனுக்கும் ஒரு லைக் போட்டுடுங்க."

துணியை மறுபடி மடித்து உறைக்குள் வைத்துவிட்டேன்.

அவர் என் பெயரைச் சொல்லியிருந்தால், ஒரு நிமிடம் பாவா, தட்டில் சந்தனம் இருக்கிறது என்று சொல்லி அந்தத் துணியால் நான்கு பொட்டையும் துடைத்திருப்பேன். மிஞ்சிப்போனால் அரை நிமிட வேலை. ஆறே எழுத்து உள்ள ஒரு பெயர். அவருக்கு முழு வாய்ப்பு கொடுத்தேன். முருகன் முன்னிலையில் கொடுத்தேன். இதைக் கொலை என்று சொல்வதானால், அதில் அவருடைய ஒத்துழைப்பும் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

அக்கா, "பாத்து மெதுவாப் போங்க" என்றாள். "ஆங் ஆங்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். கௌதமன் இன்னொருவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டே போனார். அதனால்தான் நடந்தது முழுவதும் நமக்குக் கிடைத்திருக்கிறது. முதல் வளைவில் தப்பித்தார். பிரேக்கை இழுக்கிறார், மறுபடி இழுக்கிறார், வண்டி கேட்கவில்லை. பாதி திரும்பி, "கங்கா" என்று கத்துகிறார். ஒரே ஒரு தடவை. ஆக, கேமராவில் என் பெயரைச் சொல்லத்தான் செய்தார். சற்றுத் தாமதமாக. இரண்டாவது வளைவில் சுவர்.

அந்த வீடியோவை நான் பலமுறை கேட்டுவிட்டேன். பார்ப்பதில்லை, கேட்கிறேன். புறப்பட்டதிலிருந்து சுவர்வரை எஞ்சின் ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

கீழே ஓடிப்போனபோது கூட்டம் சேர்ந்துவிட்டது. எலுமிச்சைக்கு யோசனை சொன்ன அதே ஆட்டோக்காரர் வண்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக்குல போயி யாரோ பொட்டு வெச்சிகீறாங்கப்பா, அதான் வழுக்கிகினு போயிருக்குது" என்றார். அக்கா அதைக் கேட்டாள். தன் மோதிர விரலைத் திருப்பிப் பார்த்தாள். அதன்பிறகு அவள் அழவில்லை.

நீங்களும் அதையேதான் எழுதினீர்கள். பூஜையின்போது தவறுதலாகப் பிரேக்கில் சந்தனம் பட்டதால் விபத்து. யார் கையில் தவறு என்று நீங்கள் எழுதவில்லை, பெருந்தன்மை. ஊர் அதைச் சொல்லிவிட்டது. அக்கா இப்போது அந்தக் கையால் சோறு பிசைவதில்லை. ஸ்பூன் கேட்கிறாள். நெற்றியில் எதுவும் வைப்பதில்லை, அது வேறு காரணத்துக்காக என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நேற்று என் பட்டறைக்கு வந்து பிரேக் தட்டு ஒன்றைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். தடவிப் பார்த்தாள்.

"இத்தனூண்டு பொட்டுல அவ்ளோ பெரிய ஆளு போயிடுவாராடா?"

"விதிக்கா," என்றேன். எனக்கு விதியில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஆறுதலுக்கு அவ்வளவு மலிவாக வேறெதுவும் கிடைப்பதில்லை.

தண்ணீரில் குழைத்த சந்தனமாக இருந்தால் போகமாட்டார், சார். இரண்டு முறை பிரேக் பிடித்தால் காய்ந்து பொடியாக உதிர்ந்துவிடும். அக்கா சொன்னதுதான், பொல பொல என்று கொட்டிவிடும். ஸ்கூட்டரில் கொட்டியதே. அவள் கவலையே அதுதானே? இது கொட்டவில்லை. ஏனென்றால் நான் அதைத் தண்ணீரில் குழைக்கவில்லை. விளக்கெண்ணெயில் குழைத்தேன். எஞ்சினுக்கு ஊற்றியதில் மீதி இருந்தது. சந்தனத் தூள் போட்டதும் அந்தத் தித்திப்பு வாசனை அடங்கிவிட்டது. நல்ல பதம். அக்காவின் கையால் நான்கு இடத்தில் வைக்கச் சொன்னேன். இந்த ஊரில் சந்தனத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பிரேக் கம்பியை வெட்டுகிறவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருக்கிறேன். அது அநாகரிகம். வண்டியில் ஒரு திருகாணியைக்கூட நான் கெடுக்கவில்லை. பாவா சாக வேண்டும் என்று குழைத்தேன். செத்தார். மரத்தடியில் அந்தத் தட்டை விரலால் தொட்டு முகர்ந்து பாருங்கள், இன்னும் இருக்கும். துணி இதோ, உறையோடு.

அக்காவுக்காகத்தான் இதைச் சொல்ல வந்தேன். செய்யாத தவறை ஒருத்தி சுமக்கக் கூடாது. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா? முந்தாநாள் அந்தக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆண்டுதோறும் சிறந்த மாணவக் கண்டுபிடிப்பாளருக்குத் தணிகைவேல் நினைவுக் கோப்பை தரப்போகிறார்களாம். கோப்பையின் படமும் அனுப்பியிருந்தார்கள், உச்சியில் பித்தளையில் சின்ன மினி பைக். சைலன்சர்கூட அதே வடிவம், வயிறு பெருத்த மீன். முதல் கோப்பையைக் கொடுப்பதற்கு மைத்துனர் என்ற முறையில் எனக்கு மேடையில் ஒரு நாற்காலி. கடைசி வரிசையிலிருந்து மேடைக்கு வந்துவிட்டேன், முன்னேற்றம்தான்.

அது இருக்கட்டும். நீங்கள் எழுதுங்கள். அக்காவைப் பற்றிய பகுதியைச் சுருக்கமாக எழுதினாலும் பரவாயில்லை. விட்டுப்போனாலும் படிக்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள். உங்கள் முதல் அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது, பத்திரிகைகளும் அப்படியே எடுத்துப் போட்டிருந்தன: 'தானே வடிவமைத்த மினி பைக்கில் சென்றபோது'. அந்த வரியை மட்டும் திருத்த வேண்டும். வடிவமைத்தவர் எ. கங்காதரன். நைனா பெயர் எல்லப்பன். இனிஷியலை விட்டுவிடாதீர்கள் சார், இந்த ஊரில் கங்காதரன்கள் நிறைய.